வெயில் காட்டிய லாவெண்டர்

நான் கண்ணால் கண்டதையும், காதால் நேரில் கேட்டதையும், கருவியில் அளந்ததையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. அக்காவின் மகன் இறந்தபின் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு செய்தியைக் கொண்டுவந்தார்கள். கடைசியாகப் புறப்பட்ட அன்று அவன் வாசலில் நின்று வெகுநேரம் வீட்டைத் திரும்பிப் பார்த்தான் என்றார் ஒருவர். அன்று அவர் ஊரிலேயே இல்லை. தமக்கு முன்கூட்டியே கனவு வந்தது என்றார் இன்னொருவர். சாவதற்கு முதல்நாள் தன்னோடு பேசியபோது அவன் குரல் சரியாக இல்லை என்றார் மற்றொருவர். எல்லோரும் ஆறுதலுக்காகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொருவரும் எழுந்துபோனபின் அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்குது. பெத்தவ எனக்கு மட்டும் ஏன் தம்பி தெரியாமப் போச்சு?"

தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லுகிறவர் துயரப்படுகிறவரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிட்டுப் போகிறார் என்பதை அப்போது கண்டேன். அன்றுமுதல் அவனைப் பற்றிப் பேசும்போதும், இப்போது எழுதும்போதும், சரிபார்க்க முடிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை என்று இருக்கிறேன்.

அக்காவின் வீடு வெண்ணந்தூருக்கு அப்பால், கிணற்றுத் தண்ணீரில் எள்ளும் கடலையும் மாறி மாறி விளையும் காட்டின் ஓரத்தில் இருக்கிறது. மகன் பள்ளியில் படிக்கும்போதே அக்காவின் கணவர் காலமாகிவிட்டார். படிப்பு முடிந்ததும் அவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் நாட்டின் எந்த மூலைக்கும் போகும். போனால் திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும். நான் அதே திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்குப் போய்வருவது வழக்கம்.

மகன் வண்டியோடு வெளியூரில் இருக்கும்வரை அக்காவுக்குத் தூக்கம் வராது. இது நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்தது. காலையில் நான் போய் இறங்கும்போது கண் சிவந்து, முகம் வீங்கியிருக்கும். "ராத்திரி பூரா வண்டிச் சத்தம் காதுக்குள்ளயே ஓடுது" என்பார். மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவர் தொட்டதில்லை. அசந்து தூங்கிவிட்டால் மகன் கூப்பிடும்போது செல்போன் மணி காதில் விழாது என்பது அவர் சொன்ன காரணம்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜம்முப் பக்கத்து மலைகளில் வேலையை முடித்துக்கொண்டு அவன் ஊருக்கு வந்திருந்தான். பையைக் குடைந்து, பழைய பனியனில் சுற்றிய ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தான். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"என்ன சாமி இது, முட்டிக்குத் தைலமா?"

"தைலந்தானுங்கம்மா. ஆனா முட்டிக்கு இல்ல, தூக்கத்துக்கு. லாவெண்டர்."

"பேரே வாயில நொழைய மாட்டீங்குது. குடிக்கறதா, தேய்க்கறதா?"

"ரெண்டும் இல்லீங்கம்மா. மோந்து பாக்கறது. தலகாணில ரெண்டு சொட்டு விட்டாப் போதும், தூக்கம் தன்னால வரும்னு கடைக்காரன் சொன்னான்."

"அவன் சொன்னா நீ நம்பீருவ. ராஜஸ்தான்ல செருப்பு வித்தவனையும் நம்புனவந்தான நீ?"

அந்தச் செருப்பை நானும் பார்த்திருக்கிறேன். ஒட்டகத் தோல் என்று சொல்லி வாங்கிவந்து அம்மாவுக்குக் கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் இரண்டும் இடக்காலுக்கு உரியவை. அக்கா அதை எறியாமல் வைத்திருந்து, உறவினர் வரும்போதெல்லாம் எடுத்துக்காட்டிச் சிரிப்பார்.

"அது ஒண்ணு தேஞ்சா இன்னொண்ணு மாத்திக்கலாம்னுதானுங்க வாங்கியாந்தேன்" என்றான் அவன், முகத்தில் சிரிப்பில்லாமல். பிறகு குப்பியை என் பக்கம் நீட்டினான். "மாமா, நீங்க மோந்து சொல்லுங்க. ஆனா வகுப்பு எடுத்துப்போடாதீங்க, இன்னைக்கு ஞாயித்துக்கெழம."

முகர்ந்தேன். பூவின் இனிமையும், அதற்கு அடியில் ஒரு கட்டைவாசமும், சற்றே பழச்சாயலும் இருந்தன. என் மூக்கு அன்று கண்டது இவ்வளவுதான். லாவெண்டர் எண்ணெயில் மிகுதியாக இருப்பவை இரண்டு பொருள்கள், ஒன்று லினலூல், மற்றது லினலைல் அசிடேட் என்று சொன்னேன். லினலூல் நம் கொத்துமல்லி விதையிலும் நிறைய இருக்கிறது என்றும் சொன்னேன்.

"கேட்டுக்கிட்டீங்களாம்மா? நான் ஜம்மு வரைக்கும் போயிருக்கவே வேணாம். மல்லிய இடிச்சுத் தலகாணிக்கு அடியில முடிஞ்சு வெச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்."

"போடா. மல்லிய மோந்தாத் தூக்கமா வரும்? பசிதான் வரும்."

மூவரும் சிரித்தோம்.

அவன் கேட்க விரும்பாத வகுப்பை இங்கே சுருக்கமாக வைக்கிறேன். இனி வருவது விளங்க அது வேண்டும். பூங்கதிர்களை நீராவியில் வாட்டி, அந்த ஆவியைக் குளிரவைத்து, நீரின்மேல் மிதக்கும் எண்ணெயைப் பிரித்தெடுக்கிறார்கள். நாம் சமைக்கும் எண்ணெய்க்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை. நல்லெண்ணெய் ஆவியாகாது, தாளில் விட்டால் கறையாக நிற்கும். லாவெண்டர் எண்ணெய் பறந்துபோகும். அதிலுள்ள லினலைல் அசிடேட் ஒரு எஸ்டர், பல பழங்களின் மணத்தில் இருக்கும் வகைப் பொருள். பழச்சாயலை அதுவே தருகிறது. இவ்விரண்டைத் தவிர ஓசிமீன், டெர்பினியோல் வகைகள், காரியோஃபிலீன், லாவெண்டருக்கே உரிய லாவாண்டுலைல் அசிடேட், சிறிதளவு கற்பூரம், யூகலிப்டஸ் தைலத்தில் உள்ள சினியோல் ஆகியவையும் உண்டு. செடியின் இனம், மலையின் உயரம், அறுவடைப் பருவம், காய்ச்சிய விதம் ஆகியவற்றைப் பொறுத்து இவற்றின் அளவு மாறும். கற்பூரம் மிகுந்தால் அது உயர்ந்த எண்ணெயாகாது.

உயிர்களின்மேல் அது என்ன செய்யும் என்ற கேள்விக்கு இன்னும் அடக்கமாகவே விடை சொல்லவேண்டும். ஆய்வகத் தட்டில் சில நுண்ணுயிர்களின் வளர்ச்சியை அது தடுக்கிறது. லினலூலின் ஆவியை முகர்ந்த எலிகள் பரபரப்புக் குறைந்து அடங்குகின்றன. மனிதரிடமும் பதற்றத்தைத் தணித்துத் தூக்கத்துக்கு உதவுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வாசனையை மறைத்து ஆய்வு செய்வது கடினம். தாம் முகர்வது இன்னதென்று அறிந்தவருக்கு அந்த அறிவும் மருந்தோடு சேர்ந்துகொள்ளும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது எளிதன்று.

அவன் மறுபடி வண்டியேறியபின் அக்கா தலையணையின் ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டுப் படுக்கத் தொடங்கினார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் நான் போனபோது அவர் கண்ணில் சிவப்பில்லை. ஒருமுறை நண்பகலில் நான் உள்ளே நுழைந்தது தெரியாமல், வாய் சற்றுத் திறந்திருக்க, குழந்தையைப்போல் உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் வாசலில் உட்கார்ந்திருந்தேன். இதை நான் கண்டேன், ஆகவே எழுதுகிறேன்.

பங்குனியில் ஒரு மலைப்பாதையில் வண்டி சரிந்து அவன் இறந்துபோனான். எந்த வளைவு, எதனால், எவர்மேல் பிழை என்று பலரும் பலவாறு சொன்னார்கள். எதையும் என்னால் சரிபார்க்க முடியவில்லை. உடலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தை நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின் அக்கா என்னிடம் ஒன்று சொன்னார். வேறு எவரிடமும் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

"அன்னைக்கு நான் அசந்து தூங்கிப்போட்டேன் தம்பி. இந்த எண்ணெய் வர்றதுக்கு முன்ன, அவன் வண்டியில போன காலத்துல ஒரு நாளு கண்ண மூடுனதில்ல. அன்னைக்குத் தூங்கிப்போட்டேன். அவன்ற எண்ணெயே என்னத் தூங்க வெச்சுப்போடுச்சு."

"முழிச்சிருந்தா மட்டும் என்னங்கக்கா பண்ணியிருக்க முடியும்?"

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. முழிச்சிருந்திருப்பேன்."



அவனுடைய உடுப்புகளை வழக்கப்படி அகற்றிவிட்டார்கள். செல்போன் உடைந்துபோய்விட்டது. அந்தக் குப்பியும், இரண்டு இடக்கால் செருப்புகளும் மட்டுமே வீட்டில் மிஞ்சின. அதன்பின் அக்கா எண்ணெயைத் தலையணையில் விடுவதை நிறுத்திவிட்டார். காலையில் ஒருமுறை மூடியைத் திறந்து முகர்வார், மூடி வைப்பார். தூக்கம் மறுபடியும் போய்விட்டது. எண்ணெய் தீர்ந்துவிடக் கூடாது, கெட்டுவிடவும் கூடாது. அப்போது அவர் என்னிடம் சொன்ன ஒரே கவலை அதுதான்.

எள் விளையும் வீட்டில் பிறந்து, எள் விளையும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர் அக்கா. எண்ணெய் கெடாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்த வேலை. செக்கில் ஆட்டிவந்த நல்லெண்ணெயை எங்கள் பக்கத்தில் அப்படியே எடுத்துவைக்கமாட்டார்கள். அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, வாயில் வெள்ளைத்துணி கட்டி, மொட்டைமாடியில் சில நாள் வெயில் காட்டுவார்கள். ஈரம் போகும், கசண்டு அடியில் தங்கும், தெளிந்த எண்ணெயை வடித்துத் தூக்கில் ஊற்றினால் ஆண்டு முழுவதும் காறல் வாடை அண்டாது. வெயில் காட்டாத எண்ணெயைப் பக்குவமற்ற எண்ணெய் என்பார்கள்.

சித்திரை வெயிலில் அக்கா அந்தப் பக்குவத்தை மகனின் எண்ணெய்க்கும் செய்தார். வாயகன்ற கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கழுவித் துடைத்து, குப்பியில் இருந்ததை அதில் ஊற்றி, புதிதாகக் கிழித்த வெள்ளைத்துணியை வாயில் கட்டி, மாடிச்சுவரின்மேல் வைத்தார். காக்கை தட்டிவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து காவலும் இருந்தார். இவையெல்லாம் பின்னர் அவரே என்னிடம் சொன்னவை. கல்லூரித் தேர்வு வேலைகளால் இரண்டு ஞாயிறுகள் நான் போகவில்லை. அடுத்தமுறை போனபோது அவர் குப்பியை என் கையில் கொடுத்தார். எண்ணெய் வெகுவாகக் குறைந்திருந்தது. எஞ்சியது மஞ்சள் பூத்து, தேன்போல் தடித்திருந்தது. மூடியைத் திறந்தேன். பூவின் இனிமை இல்லை. பெயின்டில் கலக்கும் டர்பன்டைனின் நெடி முன்வந்து அடித்தது.

அக்காவின் மணிக்கட்டின் உட்புறம் சிவந்து தடித்துக் கிடந்தது. வாசம் போய்விட்டதா என்று பார்க்க அங்கே தடவிப் பார்த்திருக்கிறார்.

"வாசம் மாறிப்போச்சு சாமி. நீ படிச்சவன். இதுக்குள்ள என்னென்ன இருக்குதுன்னு உனக்குத் தெரியும். அதப் பழையபடி பண்ணிக் குடு."

நடந்தது என்ன என்பது எனக்குக் குப்பியைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது. லினலூல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடு என்னும் பொருள்களாக மாறும். லினலைல் அசிடேட்டும் அப்படியே. ஒளியும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். மாறிய அப்பொருள்கள் சிலரது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். புதிய எண்ணெய் அவ்வளவாகச் செய்யாததைப் பழைய எண்ணெய் செய்வது இதனால்தான். கலந்த ஆக்சிஜனைப் பிரித்தெடுத்துப் பழையபடி ஆக்கும் வழி எதுவும் இல்லை. ஆகவேதான் இவ்வகை எண்ணெய்களைக் கருநிறக் குப்பியில், வாய்வரை நிரப்பி, இறுக மூடி, குளிர்ந்த இருட்டில் வைக்கச் சொல்கிறார்கள். நல்லெண்ணெயைக் காத்த கை இதையும் காக்கும் என்றே அக்கா நம்பினார்.

"வெயில்ல வெச்சது தப்பாப் போச்சா?" என்றார்.

அவர் பார்வை என் முகத்தை விட்டு அகலவில்லை. வெயில் காட்டியதுதான் காரணம் என்பது உண்மை. வெயில் காட்டாவிட்டாலும், திறந்து திறந்து மூடிய குப்பியில் அந்த எண்ணெய் நாளடைவில் இதே நிலையை அடைந்திருக்கும் என்பதும் உண்மை. இரண்டையும் சொன்னேன். முதலில் சொன்னதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

"அவனையும் நானே வண்டியேத்தித் தாட்டிவிட்டேன். இதையும் நானே வெயில்ல போட்டேன்."

"அக்கா, அப்படிச் சொல்லாதீங்க."

"அப்படிச் சொல்லலீன்னா எப்படிச் சொல்றது? நீயே சொல்லிக் குடு."

மணிக்கட்டுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன். இனி அந்த எண்ணெய் தோலில் படக்கூடாது என்று சொல்லிவைத்தேன். பிறகு, நம்பத்தகுந்த இடத்திலிருந்து புதிய லாவெண்டர் எண்ணெயை வரவழைத்தேன். எங்கள் ஆய்வகத்தில் இயன்றவரை சோதித்து, அது கலப்பற்றது என்று உறுதிசெய்துகொண்டு எடுத்துப்போனேன். அக்கா கண்ணை மூடி முகர்ந்தார். நெடுநேரம் முகர்ந்தார்.

"நல்ல வாசம். ஆனா இது அதில்ல."

"அதே பூதானுங்கக்கா."

"பூ அதேயா இருக்கலாம். இது ரொம்பச் சுத்தமா இருக்குது. அவன் கொண்டாந்ததுல வேற ஒண்ணு இருந்துச்சு. சொல்லத் தெரியல."

சில மாதங்களுக்கு முன் முகர்ந்ததை ஒருவர் எவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்க முடியும் என்ற ஐயம் எனக்கு இருந்தது. ஆயினும் சோதிக்கக்கூடிய ஒன்றைச் சோதிக்காமல் விடுவது முறையன்று. பழைய குப்பியிலிருந்து ஒரு சொட்டிலும் சிறு பங்கை ஊசிக்குழலால் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு சிறிதை எடுக்கும்போதும் அக்கா குப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தார்.

நண்பர் ஒருவர் பணிபுரியும் ஆய்வகத்தில் அதற்கான கருவி இருந்தது. தலைமுடியைப்போல் மெலிந்த, நீண்ட குழாய்ச்சுருள் ஒன்றின் வழியாக எண்ணெயின் ஆவியைச் செலுத்துவார்கள். கலந்து நுழைந்த பொருள்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் தனியாக வெளியேறும். திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகடு எழும். திரையின் முன் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லினலூலின் முகடு தாழ்ந்திருந்தது. புதிய எண்ணெயில் இல்லாத முகடுகள் பல அதன் பின்னே வந்தன. அவை வெயிலின் வேலை. அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது வேறு.

லினலூல் மூலக்கூறுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. நம் இடக்கையும் வலக்கையும் எல்லா விரல்களும் ஒத்திருந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாததுபோல, இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். லாவெண்டர்ச் செடி ஏறக்குறைய ஒரே வடிவத்தைத்தான் ஆக்கும். அதை இடக்கை என்று வைத்துக்கொள்வோம். கொத்துமல்லி விதையில் மிகுந்திருப்பது வலக்கை. தொழிற்சாலையில் செயற்கையாக ஆக்கும் லினலூலில் இரண்டும் பாதிக்குப் பாதி இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியும் குழாய் ஒன்று அங்கே இருந்தது. அதில் செலுத்தியபோது, மகன் வாங்கிவந்த எண்ணெயில் வலக்கை வடிவமும் ஏராளமாக இருந்தது. லாவெண்டருக்கே உரிய சிறு பொருள்கள் மிகமிகக் குறைவாக இருந்தன. வெயில் லினலூலைச் சிதைக்கும். ஆனால் இடக்கையை இவ்வளவு பெரிய அளவில் வலக்கையாக மாற்றிவிடாது. கொஞ்சம் உண்மையான லாவெண்டர் எண்ணெயோடு செயற்கை லினலூலை எவரோ தாராளமாகக் கலந்து விற்றிருக்கிறார்.

சொல்வதா, விடுவதா என்று பேருந்தில் வரும்போது யோசித்தேன். மகன் கொடுத்த கடைசிப் பொருள் போலி என்பதை ஒரு தாயிடம் சொல்லவேண்டிய கட்டாயம் எனக்கில்லை. ஆனால் அவர் கேட்டிருக்கிறார். நான் பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு காலை, அவர் முற்றத்தில் எள் புடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். முறம் நின்றது.

"அப்ப அவன ஏமாத்திப்போட்டாங்களா?"

"ஆமாங்கக்கா. கலப்படந்தான் அது."

அக்கா என்னைப் பார்த்தார். உதடு கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"செருப்புலயும் ஏமாந்தான், இதுலயும் ஏமாந்தானா? அட என்ற சாமி! உன்னைய ஒரு கடைக்காரனாச்சும் சும்மா உட்டானாடா?"

மகன் இறந்தபின் அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல்முறை. சிரிப்பு நீண்டு, இடையில் உடைந்து, அழுகையாயிற்று. முறத்திலிருந்த எள் மடியிலும் தரையிலும் சிதறியது. சற்று நேரம் கழித்து, சிதறியதைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டே கேட்டார்.

"கலப்படம்னா, எனக்குத் தூக்கம் எதனால வந்துச்சு?"

"தெரியலீங்கக்கா. அதுல கொஞ்சம் நெசமான எண்ணெயும் இருந்துச்சு. அதனாலயும் இருக்கலாம். அவன் குடுத்ததுன்னு நீங்க நெனச்சுக்கிட்டுப் படுத்ததாலயும் இருக்கலாம்."

"ரெண்டுல எது?"

"நெசமாத் தெரியலீங்கக்கா."

அவர் தலையசைத்தார். தெரியவில்லை என்ற விடையை அவர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு சொன்னார்: "செரி. எதெதக் கலந்தாங்கன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சல்ல? அந்தக் கலப்படத்தையே நீ எனக்குப் பண்ணிக் குடு."

வாழ்நாளில் ஒருமுறையும் செய்யாத வேலையைச் செய்தேன். தூய எண்ணெயில் செயற்கை லினலூலைக் கூட்டியும் குறைத்தும் சிறு சிறு குப்பிகளில் கலந்தேன். ஆனால் எந்த அளவில் கலப்பது? திரையில் நான் கண்டது வெயிலில் காய்ந்தபின் எஞ்சியதன் அளவை. மகன் வாங்கிய நாளில் குப்பிக்குள் இருந்ததன் அளவு அதுவன்று. எது எவ்வளவு பறந்தது, எது எவ்வளவு சிதைந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட என்னிடம் ஆதாரம் இல்லை. அது புதிதாக இருந்த நாளில் அதை முகர்ந்தவர் மூவர். ஒருவன் இல்லை. எனக்கோ பூவின் இனிமை, கட்டைவாசம், பழச்சாயல் என்ற மூன்று சொற்களே மிஞ்சியிருந்தன. நினைவில் வைத்திருந்தவர் அக்கா ஒருவர்தான்.

குப்பிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தார். "இல்ல." அடுத்தது. "இது கூடுதலா இனிக்குது." அடுத்தது. "இல்ல." ஒரு குப்பியை மட்டும் கையில் வெகுநேரம் வைத்திருந்தார்.

"இது கிட்ட வருது" என்றார். மறுபடி முகர்ந்தார். "வந்து... நின்னுக்குது. உள்ள வர மாட்டீங்குது."

அடுத்த ஞாயிறு புதிய கலவைகளை எடுத்துப்போனேன். முன்பு கிட்ட வந்தது இப்போது தொலைவாக இருந்தது. மூக்கு சலித்துவிட்டதா, நினைவே புதிய வாசங்களால் கலைந்துவிட்டதா என்று சொல்ல முடியவில்லை. அக்காவே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போதும் சாமி. இன்னும் மோந்து மோந்து பாத்தா, எது அவன் கொண்டாந்ததுன்னே மறந்துபோயிரும். எனக்கு நெனப்புல இருக்கறதாச்சும் இருக்கட்டும். உட்டுரு."

விட்டுவிட்டேன். பழைய குப்பியை அவர் தாமே ஒரு வெள்ளைத்துணியில் சுற்றி, செருப்புகள் இருந்த பெட்டியில் வைத்தார். அதை இனித் திறப்பதில்லை என்று சொன்னார். நான் அறிந்தவரை திறக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள். மழை விட்டிருந்தது. நான் போனபோது அக்கா காட்டில் இருந்தார். கொண்டுபோன பழங்களை வைக்க உள்ளே சென்றேன். கட்டிலின்மேல் தலையணை சற்று விலகிக் கிடந்தது. அதன் அடியில் ஒரு சிறு துணிமுடிச்சு தெரிந்தது. தொட்டேன், விரலுக்கு நொறுநொறுவென்று இருந்தது. முகர்ந்தேன். ஒன்றிரண்டாக இடித்த கொத்துமல்லி.

அக்கா கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"அத வெச்சிரு சாமி. அவன் சொன்னதுதான்."

"தூக்கம் வருதுங்களா அக்கா?"

"சில நாளைக்கு வருது. சில நாளைக்குப் பசிதான் வருது" என்றார்.

முடிச்சை இருந்த இடத்திலேயே வைத்தேன். கொத்துமல்லியில் மிகுந்திருப்பது வலக்கை லினலூல். நான் வாங்கிவந்த தூய லாவெண்டரில் அது ஏறக்குறைய இல்லை. மகனுடைய கலப்பட எண்ணெயில் அது நிறைய இருந்தது. இவ்வளவும் அளந்தும் படித்தும் அறிந்தவை. இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அறியாதவை இவை. மகன் வாங்கிய நாளில் அந்தக் குப்பியில் எது எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதைக் கலந்தவர் யார் என்று தெரியாது. "வேற ஒண்ணு இருந்துச்சு" என்று அக்கா சொன்னது அந்த வலக்கை வடிவத்தைத்தானா, அவன் பனியனின் வாசத்தையா, வேறெதையாவதா என்று தெரியாது. அவன் இறந்தபோது அக்காவைத் தூங்கவைத்தது எது என்பதும் தெரியாது.